பனிக்குள் சுழன்ற ஜெர்சி: கோல் அடித்தவன் எந்த அளவுக்குக் கொண்டாடலாம்?

அஸ்தம்பட்டி பயிற்சியாளர் | வியாழன், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இன்றுதான் எழுத உட்கார முடிந்தது.

நான் சேலத்தில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் மலையில் ஆடுவது எங்கள் பையன்களுக்கு எப்போதும் ஒரு திருவிழா. அன்று இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கிவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கக் கோல் கம்பம் சாம்பல் பூசியதுபோல் மங்கிக்கொண்டே போய், பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. ஆட்டம் 1-1 என்ற நிலையில் இருந்தது. முடிய எட்டு நிமிடம் இருந்தது. எங்கள் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இடப்பக்கமாகப் பந்தைக் கொண்டுபோனதுவரை பார்த்தேன். அதன் பிறகு கூச்சல்தான் கேட்டது. யார் அடித்தது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள் ஒரு சிவப்பு ஜெர்சி தலைக்கு மேல் சுழல்வது தெரிந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்து நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். முதல் பாதியில் பந்தைத் தட்டிவிட்டு நேரம் கடத்தியதற்காக அவன் ஏற்கெனவே ஓர் அட்டை வாங்கியிருந்தான். எனவே இரண்டாவது மஞ்சளுக்குப் பின்னால் சிவப்பும் வந்தது. பத்துப் பேராக ஆடிய எங்கள் அணி மீதமிருந்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 3-2 என்று தோற்றது. திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. அவன் கடைசி இருக்கையில் ஜன்னலோரம் தலைசாய்த்துக்கொண்டு வந்தான். நானும் அவனைக் கடிந்துகொண்டேன். இப்போது அதற்காக வருந்துகிறேன்.

என் கேள்வி இதுதான்: ஒரு பையன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய கோலை அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றியது யாருக்கு என்ன தீங்கு செய்தது? விதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதையும், இதைப் பற்றிய நம்முடைய எண்ணம் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

விசில் | வியாழன், இரவு 10:25

மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கு நடுவராகப் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதே அட்டையைத்தான் காட்டியிருப்பேன்.

ஜெர்சியைக் கழற்றினால் கட்டாயம் மஞ்சள் அட்டை என்பது 2004 முதல் விதியாக இருக்கிறது. அதில் நடுவரின் விருப்புக்கு இடமில்லை. ஜெர்சியால் தலையை மூடிக்கொள்வது, முகமூடி அணிவது, வேலியில் ஏறுவது, எதிரணியை இழிவுபடுத்தும்படி சைகை செய்வது ஆகியவற்றுக்கும் அதே தண்டனைதான். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, கோலே செல்லாது என்று ஆகிவிட்டாலும் அட்டை நிற்கும். இதையெல்லாம் வகுத்த அதே விதிநூல், கோல் விழுந்தால் ஆட்டக்காரர்கள் கொண்டாடலாம் என்றுதான் தொடங்குகிறது. அளவு மீறக் கூடாது, ஆட்ட நேரத்தைத் தின்னக் கூடாது என்பதே அடுத்து வருவது.

இந்த விதி வருவதற்கு முன்பு என்ன நடந்தது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 2002 நவம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் தியேகோ ஃபோர்லான் கோல் அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றினார். அதைத் திரும்பப் போடுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. வெற்றுடம்போடு, ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டே பந்துக்கு ஓடினார். ஆட்டம் ஆட்டமாக நடக்க வேண்டும் என்றால் எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடு வலிக்கும் இடங்களும் உண்டு. 2010 ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 116-ஆவது நிமிடத்தில் ஆந்திரேஸ் இனியெஸ்தா கோல் அடித்தார். ஜெர்சியைக் கழற்றியதும் உள்சட்டையில் தானி ஹார்கே எப்போதும் நம்மோடு இருக்கிறார் என்று கையால் எழுதியிருந்தது தெரிந்தது. ஹார்கே எஸ்பான்யோல் அணியின் தலைவர். முந்தைய ஆண்டு 26 வயதில் இதயம் நின்று இறந்தவர். ஸ்பெயினுக்கு முதல் உலகக் கோப்பையைத் தந்த மனிதருக்கும், இறந்த நண்பனை நினைத்த அந்தக் கணத்திலும், நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டைதான் காட்டினார். வேறு வழி அவருக்கு இல்லை. அட்டையை எடுக்கும்போது கை கனக்கும். அதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர் | வெள்ளி, காலை 6:15

பயிற்சியாளர் தம்பிக்கு வணக்கம். எங்கள் காலத்தில் ஒருவன் கோல் அடித்தால், உடன் ஆடுபவன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான், அடித்தவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடப்பான், அவ்வளவுதான். அதற்கு மேல் செய்தால் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணத்தை எனக்கு உடைத்தது 1990 உலகக் கோப்பை. தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில், வாசல்படி வரை ஆள் உட்கார்ந்து நள்ளிரவில் பார்த்தோம். கேமரூனின் ரோஜர் மில்லாவுக்கு அப்போது 38 வயது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ருமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல், பிறகு கொலம்பியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல். பெனால்டி எல்லைக்கு வெளியே பந்தோடு வித்தை காட்டிய கோல்கீப்பர் இகிட்டாவின் காலிலிருந்து பறித்துக்கொண்டு போய் அடித்த கோலை மறக்க முடியுமா? கோல் அடித்ததும் அவர் நேராக மூலைக்கொடிக்கு ஓடி, ஒரு கையை இடுப்புக்கருகில் வைத்துக்கொண்டு, இடுப்பை அசைத்து ஆடினார். அதில் எதிரியைச் சீண்டும் குறி எதுவும் இல்லை. ஊர்த் திருவிழாவில் மேளம் கேட்டதும் கால் தானாக ஆடுமே, அப்படி ஓர் ஆட்டம். காலிறுதியில் இங்கிலாந்திடம் 3-2 என்று தோற்றுப் போனபோது எங்கள் தெருவில் சிலர் அழுதார்கள். கேமரூன் எங்கே இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மறுவாரமே நாங்கள் மைதானத்தில் செங்கல் அடுக்கிய மூலையில் மில்லாவைப் போல ஆடினோம். எங்கள் பயிற்சியாளர் என்னை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வைத்தார். கால் வலித்தாலும் மகிழ்ச்சியோடுதான் ஓடினேன்.

இத்தாலியின் மார்க்கோ தார்தெல்லியை நான் பின்னால் பதிவில்தான் பார்த்தேன். 1982 இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலை அடித்துவிட்டு, இரண்டு கை முஷ்டியையும் இறுக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணீரோடு கத்திக்கொண்டே ஓடுவார். அந்த முகத்தைப் பார்த்தால் யாரையும் வென்ற முகமாகத் தெரியாது. உள்ளே அடைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்ட முகமாகத் தெரியும். அதற்கு அட்டை காட்ட எந்த நடுவருக்கும் மனம் வராது.

ஆனாலும் இன்றைய பிள்ளைகள் கோல் அடிக்கும் முன்பே கொண்டாட்டத்தை ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதே என் குறை. டர்ஃப் மைதானத்தில் என் பேரன் ஆடுவதைப் பார்க்கப் போகிறேன். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் எட்டாவது கோலுக்கும் ரொனால்டோவைப் போலத் துள்ளிச் சுழன்று இறங்குகிறான். எட்டாவது கோலுக்கு என்னப்பா இவ்வளவு என்று கேட்டால், தாத்தாவுக்குப் புரியாது என்கிறான். மகிழ்ச்சி பொங்கி வருவது வேறு, படம் எடுப்பதற்காகச் செய்வது வேறு.

மூலைக்கொடி | வெள்ளி, பிற்பகல் 1:50

ஐயா, மதிப்போடு மாறுபடுகிறேன். ஒத்திகை பார்த்தது என்பதாலேயே ஒரு மகிழ்ச்சி பொய்யாகிவிடாது. 1994-இல் டாலஸில் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் பெபெத்தோ, தனக்குச் சில நாள் முன்பு பிறந்த குழந்தையை நினைத்து, கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டினார். ரொமாரியோவும் மசின்யோவும் இருபக்கமும் சேர்ந்துகொண்டார்கள். அவர் அதை முன்பே மனத்தில் நினைத்து வைத்திருந்தார் என்றே கொள்வோம், அதனால் அந்தத் தாலாட்டின் ஈரம் குறைந்துவிடுமா? நம் சுனில் சேத்ரி 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் வனுவாட்டுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, பந்தை ஜெர்சிக்குள் வயிற்றில் வைத்துக்கொண்டு மனைவி அமர்ந்திருந்த பக்கம் பார்த்தார். தாங்கள் குழந்தையை எதிர்பார்க்கிறோம் என்று நாட்டுக்கு அவர் அறிவித்த விதம் அது. அதுவும் ஒத்திகைதான்.

நடனத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் பேச வேண்டும். 2022 உலகக் கோப்பையில் தென் கொரியாவை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் பிரேசில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கோலுக்கும் ஆடினார்கள்; பயிற்சியாளர் திதேவும் ரிச்சார்லிசனோடு சேர்ந்து புறாவைப் போலத் தலையை ஆட்டினார். முன்னாள் ஆட்டக்காரர் ராய் கீன் தொலைக்காட்சியில் அமர்ந்து, இது எதிரணிக்குச் செய்யும் அவமரியாதை என்றார். அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயினில் ஆடிவந்த பிரேசிலின் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியூஸ் கோலுக்குப் பின் ஆடுவதைக் குறித்து ஸ்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பேசியவர், குரங்குத்தனத்தை நிறுத்த வேண்டும் என்ற பொருளில் பேசினார். அடுத்த சில நாளில் மைதானத்துக்கு வெளியே கூடிய கூட்டம் அதே சொல்லை வைத்துப் பாட்டாகவே பாடியது. கறுப்பின ஆட்டக்காரன் ஒருவன் ஆடினால் மட்டும் சிலருக்கு ஏன் மரியாதை நினைவுக்கு வருகிறது? அவமரியாதை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று முதலில் கவனிக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர் | வெள்ளி, மாலை 5:30

தம்பி சொல்வது சரி. மில்லாவை ரசித்த நான் வினிசியூஸைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் என் வாதத்தை விட்டுக்கொடுக்கிறேன். பேரன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கொண்டாடாமல் இருப்பதைப் பற்றியும் யோசித்தேன். 1974 ஏப்ரலில் டெனிஸ் லா, தாம் பதினோரு ஆண்டு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகவே, அதே ஊரின் மான்செஸ்டர் சிட்டி அணிக்காகக் குதிகாலால் ஒரு கோல் அடித்தார். கூட ஆடியவர்கள் கட்டிப்பிடிக்க வந்தபோது முகம் தொங்கிப் போய் நின்றார். அன்று மற்ற ஆட்டங்களின் முடிவுகளால் யுனைடெட் எப்படியும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருக்கும் என்றாலும், அந்தக் கோலே இறக்கியது என்ற பேச்சு இன்றுவரை நிற்கிறது. 2022-இல் கேமரூனில் பிறந்த பிரீல் எம்போலோ சுவிட்சர்லாந்துக்காகக் கேமரூனுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, இரண்டு கையையும் லேசாக உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றார். அதுவும் ஒரு கொண்டாட்டத்தின் இடத்தில் வைக்கப்பட்ட மரியாதைதான். வேறு அணியிலிருந்து ஆறு மாதம் கடனாக வந்து ஆடிய அணிக்கு எதிராகக்கூடக் கைகூப்பி நிற்கும் இன்றைய வழக்கம் எனக்கு ஒட்டவில்லை.

பத்தாம் எண் | வெள்ளி, இரவு 8:05

நான் அம்மாப்பேட்டையைச் சேர்ந்தவள். பெண்கள் அணியில் ஆடுகிறேன். இந்த விவாதத்தில் இதுவரை வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அளவு மீறல் என்ற கட்டத்துக்குப் போகவே பல ஆண்டுகள் ஆயின.

பள்ளிக் காலத்தில் ஒரு போட்டியில் கோல் அடித்துவிட்டு, என்னை மறந்து கத்திக்கொண்டு ஓடினேன். கோட்டுக்கு வெளியே தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், பெண்பிள்ளை இப்படியா கத்துவது என்று என் காதில் விழும்படியே சொன்னார். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு மூன்று ஆண்டு நான் கோல் அடித்தால் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவேன். பார்த்தவர்கள் அடக்கமான பெண் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இன்றும் கசக்கிறது.

1999 ஜூலை 10 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில், தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, சீனாவுக்கு எதிரான மகளிர் உலகக் கோப்பை இறுதியில் கடைசிப் பெனால்டியை அடித்த அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன், ஜெர்சியைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார். அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது என் கண் போனது அவருடைய தோள் தசைகளின் மேல்தான். இவ்வளவு உழைத்திருக்கிறாரே என்று தோன்றியது. அவரை அன்று ஏசியவர்களும் உண்டு. ஆண்கள் அதையே ஆண்டாண்டாகச் செய்துகொண்டிருந்தபோது இல்லாத பேச்சு அது.

மதுரையின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றபோது எங்கள் அணியில் எல்லோரும் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். இப்போது நான் சிறுமிகளுக்குச் சொல்லித்தரும்போது, கோல் அடித்தால் நுரையீரலில் இருக்கும் காற்று முழுவதையும் வெளியே விட்டுக் கத்த வேண்டும் என்று கட்டாயமாகவே சொல்கிறேன். விசில் ஐயா, உங்கள் விதியை நான் மதிக்கிறேன். அதை மீறவும் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது.

மூலைக்கொடி | வெள்ளி, இரவு 8:40

அக்கா, அருமை. ஒரு சிறு குறிப்பு மட்டும்: விஏஆர், அதாவது காணொளியைப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் முறை, வந்த பிறகு பெரிய ஆட்டங்களில் கத்துவதற்கே தயக்கம் வந்துவிட்டது. 2019 ஏப்ரலில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் ஸ்டெர்லிங் கடைசி நேரத்தில் கோல் அடித்ததும் அவர்கள் பயிற்சியாளர் கார்டியோலா கோட்டோரம் துள்ளி ஓடினார். திரை பார்த்துக் கோல் செல்லாது என்றதும் அங்கேயே முழங்காலில் சரிந்தார். நம் மைதானங்களில் விழும் கோலுக்கு இன்னும் பாதிக் குரலில் கத்த வேண்டிய நிலை வரவில்லை.

நாகலூர் கீப்பர் | சனி, காலை 7:20

பயிற்சியாளர் அண்ணா, இந்த இழையை நேற்றிரவுதான் பார்த்தேன். அந்தக் கோலை வாங்கிய கோல்கீப்பர் நான்தான்.

வென்றது நாங்கள் என்றாலும் அந்தச் சிவப்பு அட்டையில் எனக்குத் திருப்தி இல்லை. கோல் வாங்கியவனுக்குத்தான் கொண்டாட்டத்தின் சூடு முதலில் தெரியும். சென்ற ஆண்டு வேறொரு போட்டியில் ஒருவன் கோல் அடித்துவிட்டு, விழுந்து கிடந்த என் முகத்துக்கு நேரே குனிந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் ஜெர்சியைக் கழற்றவில்லை. நடுவர் திரும்பி நின்றதால் அட்டையும் இல்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. 2009-இல் அடெபயோர், பழைய அணியான ஆர்சனலின் ரசிகர்களிடம் போய் நிற்பதற்காக மைதானத்தின் நீளம் முழுவதும் ஓடினாரே, அதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு 25,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். நிறுத்திவைக்கப்பட்ட தடையும் கொடுத்தார்கள்.

உங்கள் பையன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. பந்து என் இடக்கையைத் தொட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. நான் ஈர மண்ணில் முகம் பட விழுந்திருந்தேன். அவன் இரண்டடி தள்ளி நின்று உங்கள் பக்கத்தை நோக்கிக் கையை ஆட்டினான். அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. மனிதத் தலை ஒன்றும் தெரியவில்லை. அவன் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அம்மாயி, நான்தான்! நான்தான் அடிச்சேன்!" இரண்டு முறை கத்திவிட்டு, பதில் வராததால், ஜெர்சியைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினான். பனியில் ஆளை அடையாளம் காட்ட வேறு என்ன இருந்தது அவனிடம்?

நடுவருக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் தொலைவில் நின்றார். விதிப்படி செய்தார். அவரைக் குறை சொல்லவில்லை. கேட்டவன் நான் ஒருவன் என்பதால் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

விசில் | சனி, காலை 9:00

தம்பி, எழுதியதற்கு நன்றி. அட்டை பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அன்று அங்கே நின்ற நடுவர் நானாக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் போய் உட்கார்ந்து, எதற்காகக் கழற்றினாய் என்று கேட்டிருக்க வேண்டும். இத்தனை ஆண்டில் அட்டை காட்டிய எந்தப் பையனிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அஸ்தம்பட்டி பயிற்சியாளர் | ஞாயிறு, இரவு 9:10

இன்று காலைப் பயிற்சிக்குப் பிறகு அவனைத் தனியே கூப்பிட்டு, கீப்பர் தம்பி எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். அவனுடைய அம்மாயி மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். பேரன் பந்து ஆடுவதை அதுவரை பார்த்ததே இல்லை. அன்று அரைநாள் வேலையை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த தேநீர்க் கடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாராம். ஆட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்காமலே வண்டியில் ஏறிவிட்டான், வெட்கத்தால். நான் கடிந்துகொண்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே சார் என்றான்.

நாகலூர் தம்பி, உங்கள் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆட எங்களுக்கு விருப்பம். மேகம் இறங்குவதற்கு முன், காலை எட்டு மணிக்கே தொடங்கினால் நல்லது. அடுத்த ஞாயிறன்று, முதல் பேருந்திலேயே ஏறி வந்துவிடுகிறோம். விசில் ஐயா வந்து நடுவராக நிற்க ஒப்புக்கொண்டால் மகிழ்வேன். பையனின் ஜெர்சியில் அன்று அவசரமாகக் கழற்றியதில் அக்குள் தையல் விட்டுப் போயிருந்தது. அவன் அம்மா தைத்துக் கொடுத்துவிட்டாராம், அதையேதான் போட்டுக்கொண்டு வருவேன் என்கிறான்.

நாகலூர் கீப்பர் | ஞாயிறு, இரவு 9:35

வாருங்கள் அண்ணா. அம்மாயி எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். காலையில் வண்டி எடுத்துப் போய் நான் கூட்டிவந்து, எங்கள் கோலுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன்.